எட்டு மணிக்குள் இறங்க வேண்டிய படகு

சபைகளை ஒன்று சேர்ப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் முயற்சி செய்து பார்க்காதவர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். சபைகள் சேர்ந்துவிடும். படகைக் கடலில் சேர்ப்பதுதான் கஷ்டம்.

நான் பிறந்தது முதுகுளத்தூரில் ஒரு புராட்டஸ்டன்ட் குடும்பத்தில். கட்டிக்கொண்டது பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்க மீனவரை. அண்ணன் பெந்தெகொஸ்தே போதகர். (மாதா சுரூபத்தை விடுங்கள், என் காதுத் தோட்டைப் பார்த்தாலே அவருக்கு வருத்தம்.) கல்யாணம் கத்தோலிக்கக் கோவிலில் நடந்ததால், அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என் புகுந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பேத்தியையும் ஆஸ்பத்திரியில் பார்த்த கையோடு பஸ் ஏறிவிட்டார். அவரை எங்களோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்பது என் வேண்டுதல். (வேண்டுதல் என்பது மாமியார் வீட்டுச் சொல். பிறந்த வீட்டில் ஜெபக்குறிப்பு.)

கணவர் புதுப் படகு கட்டி முடித்தார். முதல் தடவை இறக்கும்போது பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பது வழக்கம். அவரோடு எங்கள் ஊர் ஐயரும் (எங்கள் போதகரை ஐயர் என்போம், மீன் நன்றாகச் சாப்பிடுவார்) அண்ணனும் சேர்ந்து ஜெபித்தால் என்ன என்று கேட்டேன். ஐயர் வந்தால் அய்யா வராமல் இருக்க முடியாது. எல்லோரும் சம்மதித்தார்கள். கணவர் ஒன்றுதான் சொன்னார்.

"என்னமும் பண்ணு. எட்டு மணிக்குள்ள இறக்கிறணும்."

எனக்குச் சுருக்கென்றது. காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து ராகு காலம். ஒரு கிறிஸ்தவ வீட்டில் இப்படியா? சொல்லலாமா, சொன்னால் மாமியார் மனம் புண்படுமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் செயலில் காட்டுவது என்று முடிவெடுத்தேன். மூன்று பேரிடமும் தனித்தனியாக, அவசரமே இல்லை, நிதானமாக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

போதகர்களிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

அன்று காலை படகு பாதித் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. சாமியார் சுருக்கமாகத்தான் தொடங்கினார். ஐயர் இரண்டு சங்கீதம் வாசித்து நோவாவின் பேழையை விளக்கினார். பேழைக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததைப் பார்த்த சாமியார் மறுபடி வந்து ஒரு செபமாலை சொன்னார். அண்ணன் உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தார். பின்னாலிருந்து கணவர் இருமினார். நான் முறைத்தேன். மாமியார் என் முந்தானையை இழுத்தார்.

"ஏத்தா, நேரமாகுதுத்தா."

"நாம நேரம் பாக்கக்கூடாது அத்தை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

சாமியார் தலையசைத்தார். ஐயர் ஆமென் என்றார். அண்ணன் அல்லேலூயா என்றார். மூன்று சபைகளும் ஒருமனப்பட்டு நின்ற அந்தக் கணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது படகு அங்கேயே இருந்தது. கடல்தான் இல்லை. ஈர மணலில் நண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ராகு காலமா?" என்று என் விளக்கத்தைக் கேட்டுவிட்டுக் கணவர் தலையில் கைவைத்தார். "ஏய், தண்ணி வத்துற நேரம்டி அது."

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் கடல் என்றால் வரைபடத்தில் நீலமாக ஒரே இடத்தில் கிடப்பது. சாமியாரும் கமுதிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்.

அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமியார் தள்ளினார். ஐயர் தள்ளினார். அண்ணன் சத்தம் போட்டுத் தள்ளினார். அய்யாவும் மாமியாரும் தோளோடு தோள் நின்று தள்ளினார்கள். படகு அசையவில்லை. சாயங்காலம் தண்ணீர் ஏறினால்தான் உண்டு என்றார்கள்.

ஆனால் யாரும் கிளம்பவில்லை. முதலில் போகிறவருடைய ஜெபத்தில்தான் கோளாறு என்று ஊர் பேசிவிடாதா? மூவரும் படகு நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐயரை விட்டுவிட்டுப் போக முடியாமல் அய்யாவும் உட்கார்ந்தார். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. முதல் நாளே படகு தரைதட்டிவிட்டது. இனி அய்யா இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன்.

மத்தியானம் மாமியார் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தார். எல்லோருக்கும் இலை போட்டார். அய்யா, பசிக்கவில்லை என்று இலையைத் தள்ளி வைத்தார். மாமியார் அதை மறுபடி இழுத்துப் போட்டார்.

"மூணு பேரு செபிச்சே நகராத படகு சம்பந்தி. நீங்க பட்டினி கெடந்தா மட்டும் நகந்துருமாக்கும்? சாப்புடுங்க."

அய்யா ஐயரைப் பார்த்தார். ஐயர் இரண்டாவது மீனில் இருந்தார். அய்யா இலையில் கைவைத்தார். முள் குத்திவிடுமோ என்று ஒவ்வொரு வாய்க்கும் நான் செத்துப் பிழைத்தேன். அவரோ, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் படகு மிதந்தது. மூன்று பேரும் மறுபடி தொண்டையைச் செருமினார்கள். "செபிச்சதெல்லாம் போதும், தள்ளுங்க" என்றார் மாமியார்.

இப்போது எங்கள் பங்குக் கோவிலில் பிரசங்கம் நீண்டால் யாராவது ஒருவர், "தண்ணி வத்துது" என்பார். அண்ணனின் சபையிலும் அப்படித்தான். போன மாதம் முதுகுளத்தூருக்குப் போயிருந்தோம். ஐயர் மூன்றாவது முறையாக "கடைசியாக" என்றபோது அய்யா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஐயரே, தண்ணி வத்துது."

கடலே இல்லாத ஊரில் ஐயர் சட்டென்று வேதப் புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு, கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த என்னைத் தேடிப் பிடித்து முறைத்தார்.