காசித்தும்பை வாடிய மத்தியானம்

சிங்கப்பூரில் எல்லோருக்கும் வேர்க்கிறது. ஆனால் அடுத்தவர் வேர்வையைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கம்பெனியின் வேர்வை அண்ணன்தான்.

கட்டடங்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் கம்பெனி அது. ஆபீஸ் மார்சிலிங்கில். நான் உள்ளே ஏர்கானில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைச் சமாதானம் செய்கிறவன். அவர் வெளியே செடி நடும் குழுவுக்கு சூப்பர்வைசர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். வேலை பர்மிட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது; அது யாருக்கும் நினைவில்லை. தினமும் மூன்று முறை தன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பிடரியில் கை வைத்துப் பார்ப்பார்.

"நல்லா ஊத்துது, நீ போ. உனக்கென்னடா காஞ்சு கெடக்கு? தண்ணி குடிச்சிட்டு நெழல்ல உக்காரு."

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை முதல் இரண்டு வாரம் முழு வேலை செய்ய விடமாட்டார். முதலாளி கத்தினால், "உடம்பு வேர்க்கக் கத்துக்கணும் மொதலாளி. சீக்கிரமா வேர்க்கணும், நெறைய வேர்க்கணும், உப்பை வீணாக்காம வேர்க்கணும். பள்ளிக்கூடம் மாதிரி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில், நடைபாதையில் வாயைப் பிளந்து நின்ற ஒரு மைனாவுக்காக அத்தனை கூட்டத்தையும் கை நீட்டித் தடுத்துவிட்டார். "அதுக்கு வேர்க்காதுங்க. வாயைத் தொறந்துதான் சூட்டை வெளிய விடும். கொஞ்சம் சுத்திப் போங்க." மளிகைப் பையோடு நின்ற அம்மாக்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். நான் அவரைத் தெரியாதவன் போல எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

என் பிடரியிலும் ஒருநாள் கை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சார், ஒங்க உடம்பு இன்னும் சிங்கப்பூருக்கே வரல."

"அண்ணே, நான் பொறந்ததே இங்கதான் லா."

"பொறந்தது இங்க. வளந்தது ஏர்கான்ல."

ஆபீஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தச் சுருக்குதான் தஞ்சோங் பகாரில் என்னைக் கொல்லப் பார்த்தது.

அங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருந்தோம். மாலை ஐந்தரைக்குத் திறப்பு விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கோட்டும் டையுமாகப் போயிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கட்டடத்தின் மேனேஜர் காயத்ரி போனில் அலறினார்: "ஓ மை காட், எல்லாச் செடியும் செத்துப்போச்சு! கம் அப் நவ்!"

ஓடினேன். இரண்டு நாள் முன் நட்ட காசித்தும்பைகள் வரிசை வரிசையாகத் தலை தொங்கிக் கிடந்தன. இந்த வேலை கெட்டால் அடுத்த மூன்று கட்டடங்களும் கைவிட்டுப் போகும் என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். வேர்வை அண்ணனோ குழாயை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார்.

"தண்ணி ஊத்தக் கூடாதும்மா. மண்ணு ஈரமாத்தான் இருக்கு, தொட்டுப் பாருங்க. இலை வழியாப் போற வேகத்துக்கு வேரால உறிஞ்சிக் குடுக்க முடியல. அதான் தொங்குது. இன்னும் ஊத்தினா வேர் மூச்சு முட்டி அழுகிடும். அஞ்சு மணிக்குத் தானா நிமிந்துக்கும்."

"நிமிரலைன்னா அங்கிள்?"

"நிமிரும்."

காயத்ரி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். "கைப்பிடியக் குடுங்கண்ணே."

"மாட்டேன் சார்."

கோபம் தலைக்கேறியது. மூன்று மாடி கீழே, ஆபீஸ்காரர்கள் காப்பி போடும் பேன்ட்ரியில் இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்தேன். கடைசி மூன்று மாடிக்கு லிஃப்ட் கிடையாது. படி ஏறினேன், ஊற்றினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கோட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். தரையிலிருந்து அனல் அடித்தது. ஒவ்வொரு நடைக்கும் அவர் குறுக்கே வந்தார்.

"சார், உக்காருங்க."

"தள்ளுங்கண்ணே."

"சார், மொகம் செவந்திடுச்சு. உக்காருங்க சார்."

எட்டாவது நடையோ ஒன்பதாவதோ, நினைவில்லை. அதற்குப் பிறகு நடந்தது பிறர் சொல்லக் கேள்விதான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, காசித்தும்பைகளைப் பார்த்து, "மதிப்பிற்குரிய விருந்தினர்களே, அனைவரும் அமருங்கள்" என்று வரவேற்புரை ஆற்றத் தொடங்கினேனாம். காயத்ரி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஜோக் பண்றாரு அங்கிள். வேர்க்குதுதானே அவருக்கு?"

"வேர்வையப் பாத்து ஏமாறக் கூடாதும்மா. பேச்சு மாறிடுச்சு பாருங்க. மூளை சூடாயிடுச்சு. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

நான் அவரை அடிக்கக் கை ஓங்கினேனாம். கால் மடிந்து சரிந்தேனாம். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடிப் படி இறங்கி, லிஃப்டில் தரைத்தளத்துக்கு வந்து, கோட்டையும் சட்டையையும் உருவி எறிந்துவிட்டு, வரவேற்புக் கூடத்தின் நடுவே வண்ண மீன்கள் நீந்திய அலங்காரக் குளத்தில் என்னை இறக்கிவிட்டார். தானும் இறங்கி, என் தலையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

செக்யூரிட்டி ஓடி வந்தார். "ஹலோ! மீன் குளம் இது! வெளிய வாங்க!"

"மீன் ஒதுங்கிக்கும். நீங்க போய் ஐஸ் கொண்டாங்க!"

அந்தக் குரலுக்கு செக்யூரிட்டி மறுபேச்சின்றி ஓடினாராம். எதிரே காப்பிக் கடையிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் என் மேல் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டே இருந்தாராம். "ஒங்க பேரு என்ன சார்? பேரச் சொல்லுங்க சார்" என்று விடாமல் கேட்டாராம். நான் சொல்லவில்லையாம். அவர் குரல் உடைந்துபோனது என்று காயத்ரி பிறகு சொன்னார்.

மருத்துவமனையில் கண் விழித்தபோது டாக்டர், "குளிர வைக்கறதுக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கிட்னி போயிருக்கும், உயிரே போயிருக்கலாம்" என்றார். என் போனில் காயத்ரி அனுப்பிய படம் இருந்தது. நேரம் ஐந்தே கால். காசித்தும்பைகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. நான் வாளி வாளியாக ஊற்றிய ஒரு வரிசை மட்டும் அடுத்த வாரம் அழுகிப்போனது.

குளத்தை அசுத்தம் செய்ததற்குக் கட்டட நிர்வாகம் புகார்க் கடிதம் அனுப்பியது. பதில் எழுதும் வேலை எனக்கு. வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்காமல் எழுதிய முதல் பதில் அதுதான்.

பல வாரம் ஓய்வுக்குப் பின், வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார் அண்ணன். "வாங்க சார், ரெண்டு வாரப் பள்ளிக்கூடம்." மார்சிலிங் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி முதல் நாள் பத்து நிமிடம், மறுநாள் பதினைந்து. உடம்பு வெயிலைப் பழகியே ஆகவேண்டும் என்பதில் ரொம்பக் கறாராக இருந்தார்.

ஆனாலும் பதினான்கு நாளும் வெயில் அடிக்கும் பக்கமாகவே அவர் நடந்தார், தன் நிழல் என்மேல் விழும்படி.