சுவரைப் பார்த்துச் சொன்ன கடிதம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா கப்பலிலிருந்து சொல்லி எழுதுவது. நான் நலம், கப்பல்தான் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிடும், சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டுவிடாதே. இது உன் மாமனார் கையெழுத்துதான். ஆனால் நாங்கள் பேசிவிடவில்லை. இந்தக் கப்பலில் யார் ஃபோனும் வேலை செய்யவில்லை, செய்தி அனுப்புகிற ஆன்டெனா மூன்றாம் நாளே படுத்துவிட்டது. நாளைக் காலை உன் ஊரிலிருந்து உதிரிப் பாகம் ஏற்றிக்கொண்டு ஒரு படகு வருகிறதாம், கடிதம் இருந்தால் கொடுத்தனுப்பலாம் என்றார்கள். எனக்கோ எழுதத் தெரியாது, ஆள் தேடினேன். அறை துடைக்கிற அம்மாவுக்கு இருபது அறை, லிஃப்ட் வேறு நின்றுவிட்டது, பாவம். கப்பல் டாக்டரிடம் கேட்டேன், நாலு வரி எழுதித் தந்தார், அதை அந்த அம்மாவிடம் படிக்கச் சொன்னால், "ஐயா, இதுல ஏதோ மாத்திரை பேர் மாதிரி இருக்கு, உங்களுக்கு வாயுத் தொல்லையா" என்கிறாள். கடைசியில் அறைக்கு வந்து உட்கார்ந்து, "எழுதத் தெரிஞ்ச புண்ணியவான் யாராவது இந்த அறையில இருந்தா, மேசை மேல காகிதம் இருக்கு" என்று சுவரிடம் சொன்னேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஆகவே இதை நான் அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். அவர் காதில் விழுவதும் அவர் கை ஓடுவதும் அவர் இஷ்டம். நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதியே ஓய்வு பெற்றவர், பேச்சுச் சத்தம் கேட்டால் அவர் கை சும்மா இருக்காது.

நீ போட்ட நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. போன மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஃபோனில் பேசும்போது உன் பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "அப்பா, உங்களுக்கும் இனிமே தனியா இருக்க முடியாது, மாமாவுக்கும் முடியாது. என் வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு அறை. காது ஆபரேஷன் ஆனதால உங்களுக்கு விமானம் ஆகாது, ரெண்டு பேரும் பதினோரு நாள் ஒண்ணா கப்பல்ல வாங்க. பேசிக்கிட்டு இறங்கினா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு இறங்கினா அதே கப்பல்ல ஏத்தி ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றாய். பெற்ற மகள் அப்படிச் செய்வாளா என்று நான் கேட்கமாட்டேன், நீ செய்வாய், என் பெண் நீ.

ஆனால் நான் ஏன் பேசவில்லை என்பதும் உனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில், உன் கல்யாணப் பதிவுக்கு நான் கைநாட்டு வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், காலை பதினொன்று இருபது, பின்னாலிருந்து உன் மாமனார் தன் தம்பியிடம், "பொண்ணோட அப்பா கைநாட்டுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார். கேட்டதற்கு, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார், இன்றுவரை அதே பேச்சு. நான் ரயில் நிலையத்துக்கு வெளியே இருபத்தெட்டு வருஷம் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவன். நானூறு சைக்கிள், ஒரு டோக்கன் கிடையாது, முகத்தைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுப்பேன், ஒரு நாள் ஒரு ஆளுக்கு வண்டி மாறியதில்லை. அந்த எனக்கு ஒரே ஒரு வாக்கியமா மாறிப்போகும். ஆமாம், சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறவரை நான் வாய் திறப்பதாக இல்லை. (இந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது, உனக்குத் தெரிந்திருக்கட்டும்.)

இப்போது கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடல் படத்தை மாட்டியிருக்கிறார்கள், கடல் மேலே போய்க்கொண்டு கடல் படத்தைப் பார்க்கிற பிழைப்பு. இரண்டு கட்டிலுக்கும் நடுவே மூன்று சாண், அளந்துவிட்டேன். உன் மாமனார் குறட்டை விட்டால் என் போர்வை ஆடுகிறது. கழிப்பறைக்குப் பேசாமலே ஒரு முறை வைத்துக்கொண்டோம், உள்ளே ஆள் இருந்தால் கதவுக் கைப்பிடியில் துண்டு, வெளியே வரும்போது துண்டை எடுத்து உள்ளே போட்டுவிட வேண்டும். இரண்டாம் நாள் கழிப்பறை இழுப்பதை நிறுத்திவிட்டது. இந்தக் கப்பலில் தண்ணீர் ஊற்றினால் போகாது, காற்றுதான் உறிஞ்சி இழுக்கிறதாம், எங்கேயோ அடைப்பு, நாலு மாடிக்கும் வேலை செய்யவில்லை, ஜனங்கள் மேல்தளத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். குழாய்க்காரர் எங்கள் அறைச் சுவரைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்து, "எந்தப் புத்திசாலியோ துண்டைப் போட்டிருக்கான்" என்றார். நானும் உன் மாமனாரும் ஒரே நேரத்தில் கதவுக் கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தோம். துண்டு இல்லை. உள்ளே பார்த்தோம். அங்கேயும் இல்லை. யார் போட்டது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அவருக்கும் ஒன்று இருக்கும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி உண்டு.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு முப்பத்தோராம் நம்பர் மேசை, இரண்டே நாற்காலி, எதிரெதிராக. மாற்றித் தரமாட்டார்களாம், நீ சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம். உப்பு வேண்டுமென்றால் பரிமாறுகிற மீசைக்காரரைக் கூப்பிட்டு, எதிரில் இருப்பவர் உப்பை எடுத்துவிட்டாரா என்று விசாரிப்பேன். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "ஐயா, உப்பு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் இருக்கு. நான் அந்தக் கோடியிலிருந்து ஓடி வர்றேன்" என்றார். சாப்பாட்டுக்கு அட்டை கொடுத்தார்கள், நான் மூன்றாவது வரியில் விரலை வைத்தேன், வெள்ளரிக்காய் சூப் வந்தது, பச்சையாக, ஆறி. அடுத்த வேளைக்கு வேறு அட்டை, அதிலும் மூன்றாவது வரியில் வைத்தேன், அதே சூப். மூன்றாவது வேளையும் அதேதான். அதிலிருந்து உன் மாமனாருக்குப் புதிதாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. அட்டையைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ்வரை, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படிக்கிறார். "ஒண்ணு, தக்காளி சூப். ரெண்டு, காளான் சூப். மூணு, வெள்ளரிக்காய், ஆறினது." யாருக்காகப் படிக்கிறாரோ தெரியவில்லை, வயசானால் சிலருக்கு இப்படி ஆகிவிடும். நான் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டு, மீசைக்காரரிடம் "ரெண்டாவது" என்பேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சத்தம், மேசையிலிருந்த கரண்டிகளெல்லாம் ஒரு தடவை குதித்து உட்கார்ந்தன. கப்பலை உந்துகிற மோட்டார் இரண்டில் ஒன்று போய்விட்டதாம். அன்றிலிருந்து நொண்டிக்கொண்டு போகிறோம். முதல் துறைமுகத்தை விட்டார்கள், தூரத்திலிருந்து கலங்கரை விளக்கத்தைக் காட்டி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டாவதையும் விட்டார்கள், அதற்கு மிட்டாயும் இல்லை. ஐந்தாம் நாள் உணவு வைக்கிற குளிர் அறை படுத்துவிட்டது. உருகுவதற்குள் தீர்த்தாக வேண்டுமென்று மூன்று வேளையும் ஐஸ்கிரீம், காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக்கூட அதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஜாக்கிரதை என்று டாக்டர் ஒலிபெருக்கியில் கத்துகிறார், உன் மாமனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, கரண்டியை எடுத்துவிட்டார். அவர் கிண்ணத்தை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கறையெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குப் பிடிக்கும். ஆறு வேளை இரண்டிரண்டு கிண்ணம் சாப்பிட்டு எனக்கு இருமல் கண்டதுதான் மிச்சம். ஐஸ்கிரீம் தீர்ந்த பிறகு உருளைக்கிழங்கு. வேகவைத்தது, பொரித்தது, மசித்தது, மசித்துப் பொரித்தது. ஏழாம் நாள் அட்டை படிக்கும்போது உன் மாமனார் குரலே இறங்கிப்போய்விட்டது. "ஒண்ணு, கிழங்கு. ரெண்டு, மேற்படி. மூணு, மேற்படி."

எட்டாம் நாள்தான் பெரிய இடி. ஒலிபெருக்கியில், இனி எந்தத் துறைமுகத்துக்கும் போவதாக இல்லை, பழுது பார்ப்பதற்காக, புறப்பட்ட இடத்துக்கே கப்பல் திரும்புகிறது என்றார்கள். நீ திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கப்பலே எங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான், அதுவரை நான் யாருடன் இருப்பேன். நேரே பயணிகள் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கார அம்மா, "துறைமுகம் மாறலாம்னு டிக்கெட்டுக்குப் பின்னால போட்டிருக்கு ஐயா" என்றாள். "பின்னால என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா, ஒலிபெருக்கில என்ன வந்ததுன்னு தெரியும். ஏறின அன்னைக்கு சாயந்திரம் நாலு பத்துக்கு, மிதவைச் சட்டை மாட்டிக் காட்டின பிறகு, கேப்டன் ரெண்டு தடவை இருமிட்டுச் சொன்னார்: வழியில் எந்தத் துறைமுகம் விட்டுப்போனாலும், நீங்கள் எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தீர்களோ அந்த ஊரில் உங்களை இறக்காமல் இந்தக் கப்பல் திரும்பாது" என்றேன். "கேப்டன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே. எழுத்துல ஏதாவது இருக்கா" என்கிறாள். எனக்குப் பழக்கமான பதில், பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன். அப்போது எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற உன் மாமனார் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாலு பன்னிரண்டு" என்று ஆரம்பித்தார். இரண்டு நிமிஷம் தப்பு, போகட்டும். மற்றபடி நான் சொன்னதுதான், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. 'இருமல், இரு முறை' என்றுகூட எழுதி வைத்திருந்தார். மேசைக்கார அம்மா என் வாயையும் அந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள், எழுந்து போய்க் கேப்டனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கேப்டன் இரண்டையும் கேட்டுவிட்டு, "ஆமா, சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு கப்பலுக்கே கேப்டன், ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், அவர் தொப்பி ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை. இதை அழுத்தி எழுதச் சொல்லிச் சுவரிடம் கேட்டுக்கொண்டேன். ஆக, நாளை மறுநாள் காலை கப்பல் உன் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும், அங்கே டிக்கெட் முடிகிற பத்தொன்பது பேரைச் சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஒலிபெருக்கியைக்கூட விடாமல் எழுதி வைக்கிற மனுஷனிடம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய நோட்டும் எங்கேயாவது இருக்குமே. இருந்தால் எடுத்துக் காட்டட்டும்.

இதுவரை எழுதியதைப் படிக்கச் சொல்லிச் சுவரிடம் கேட்டேன். அவரை முதலில் ஓரிடத்தில் 'ஒண்ணாம் நம்பர் பிடிவாதக்காரர்' என்று சொல்லியிருந்தேன், அந்த வரியையே காணோம். எங்கே போச்சு என்று கேட்டேன். இடமில்லை என்று சுவருக்குப் பதில் வந்தது. சரி, அது இங்கே ஏறிவிட்டது.

முடிவாகச் சொல்கிறேன், மாற்றமில்லை. அறை பதினான்கு அடி என்றாய். நடுவில் தரையிலிருந்து கூரைவரை செங்கல் சுவர் எழுப்பிவிடு. பலகைத் தடுப்பு வேண்டாம், அந்தக் குறட்டை பலகையைத் தாண்டும். ஜன்னல் என் பக்கம். கதவு அவர் பக்கம் போனால் எனக்குத் தனியாக ஒன்று வெட்டச் சொல். கொத்தனாரிடம் கடிதம் கண்டதும் சொல்லிவிடு, நாங்கள் இறங்குவதற்குள் பூச்சு காய வேண்டும். உன் நிபந்தனைக்குப் படகிலிருந்து இறங்கும்போது "பாத்து இறங்குங்க சம்பந்தி" என்று ஒரு தடவை சொல்வேன். மூன்று வார்த்தை. நீயும் மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவர் அவர் பக்கம், நான் என் பக்கம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரோடொருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அப்பாவின் ஆசீர்வாதம். கீழே இருப்பது என் கட்டைவிரல். கப்பல் ஆடியதில் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கொத்தனாரை வரச் சொல்லாதே. உறையை ஒட்டப்போகும்போதுதான் உறைத்தது, செங்கல் சுவர் வைத்தால் காலையில் அவர் செய்தித்தாளை உரக்கப் படித்தால் என் பக்கம் கேட்காது. ஒரு மறைப்புத் துணி போதும், அதுவும் பாதிவரை போதும். இது சமாதானமில்லை, ஒரு வசதிக்காகச் சொல்கிறேன்.

அம்மா, இனி வருவது அவர் சொன்னதில்லை, உன் மாமா நானாக எழுதுவது. சொன்னதைச் சொன்னபடிதான் மேலே எழுதியிருக்கிறேன். குறட்டை வரும் இடங்களில் மட்டும் ஆளை மாற்றிப் படித்துக்கொள். அந்த நோட்டு இருக்கிறது. இந்தக் கப்பலிலேயே இருக்கிறது, என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில். அன்று மாலையே எழுதி வைத்தேன். அவர் சொல்கிற வாக்கியம்தான், ஒரு வார்த்தை பிசகில்லை. நேரம் மட்டும் பதினொன்று இருபத்திரண்டு. சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. வாயால் சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை ஆரம்பித்தேன், ஒவ்வொரு தடவையும் சூப்பின் பெயர்தான் வந்தது. கரை இறங்கியதும் இந்தப் பக்கத்தை நீயே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்போது அவர் திரும்பி உட்கார்ந்து, "நான் சொல்லி முடிச்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்ன எழுதிட்டிருக்கீங்க" என்று கேட்கிறார். சுவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

விலாசம் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.