இரண்டுக்கு மேலே குட்டி மூன்று

அர்ச்சுனன் அறைக் கதவில் சாக்கட்டியால் 2³ × 5⁴ என்று எழுதி முடித்ததும், பின்னால் நின்ற காளியம்மா "ஐயோ, முருகா!" என்றாள்.

மலேசியாவின் பீடோரில் அவன் குடியிருந்த அறை அவளுடையது. அவன் அங்குள்ள இடைநிலைப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியர். மறுநாள் வெள்ளிக்கிழமை, நசீர் என்றழைக்கப்படும் பள்ளிச் சோதனை அதிகாரி அவன் வகுப்பில் உட்காரப் போகிறார். பாடம் அடுக்குக்குறி. அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகவேண்டியதுதான்.

அன்று காலையிலேயே கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தான். கண்ணை மூடிப் பாடத்தை முணுமுணுத்தபடி கதவில் எழுதிப் பழகினான். கரும்பலகைக்கு அவன் எங்கே போவான்?

"ரெண்டு, மூணு, அஞ்சு, நாலு," காளியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "சாமி வந்து எழுதியிருக்கு. சனிக்கிழம நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல்ல இதான்லா!"

"அக்கா, இது கணக்கு!" அவசர அவசரமாகச் சட்டைக் கையால் அழித்தான். அங்கேதான் தப்புச் செய்தான்.

"அழிக்கிறாரு பாத்தியா? அப்ப நிச்சயம் அதேதான்!" அவள் தெருவுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். சாப்பாட்டுக்கடை ஷரபுதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். மீன் விற்கும் சீனர்கூட வந்துவிட்டார்.

விளக்கிச் சொன்னால் போய்விடுவார்கள் என்று அர்ச்சுனன் நினைத்தான். வாத்தியார் புத்தி வேறெப்படி இருக்கும்?

"அண்ணே, மேல இருக்கிற குட்டி மூணு தனி நம்பரே இல்ல. எத்தன தடவன்னு காட்டுது."

"மூணு தடவ எழுதணுமா? அப்படி வெவரமா சொல்லுங்க தம்பி," என்றார் ஷரபுதீன்.

"இல்லண்ணே! ரெண்ட மூணு தடவ எழுதிப் பெருக்கினா எட்டு!"

"எட்டு வேற இருக்கா!" கூட்டம் உள்ளங்கையில் குறித்துக்கொண்டது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆள விடுங்கண்ணே. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல நசீர் முன்னால எல்லாத்தையும் போர்டுல போடுவேன்!"



"கேட்டீங்களா? இது சும்மா சோதன. நாளைக்குப் போடறதுதான் நெச நம்பரு," என்று காளியம்மா தீர்ப்புச் சொன்னாள். கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலையில் கொட்டுகிற மழையிலும் பள்ளி வேலியோரம் குடைக்கடை போட்டதுபோல் கூட்டம். அர்ச்சுனன் தலையைக் குனிந்தபடி உள்ளே ஓடினான். வகுப்பில் ஒருவர் அவனுக்கு முன்பே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, மடியில் கறுப்புத் தோல்பை. நசீரேதான்! தமிழராக வேறு இருந்தது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"ஆரம்பிங்க," என்றார் அவர்.

பாடம் பாதியில் இருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். தொப்பலாக நனைந்த மலாய்க்காரர் ஒருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். "போலே மாசோக், சிகு?" என்று, உள்ளே வரலாமா ஆசிரியரே எனக் கேட்டார்.

அர்ச்சுனனுக்கு ஆத்திரம் பொங்கியது. நம்பர் பைத்தியம் வகுப்புவரைக்கும் வந்துவிட்டதே! நசீர் என்ன நினைப்பார்? "நொம்பர் தா அடா! நம்பரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" என்று கத்தி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

கடைசிப் பெஞ்சுக்காரர் அதை மெச்சித் தலையாட்டினார். அர்ச்சுனனுக்கு உயிர் வந்தது. அதன்பிறகு பாடம் தடங்கலே இல்லாமல் ஓடியது. பலகையில் எழுதிய எதையும், தலைமேல் இருந்த குட்டி எண்களைக்கூட விடாமல், அவர் குறித்துக்கொண்டார். மாணவர்கள்கூட அவ்வளவு அக்கறையாக எழுதவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் போனதும் அர்ச்சுனன் அவர் முன்னால் கைகட்டி நின்றான். நிரந்தர வேலையா, பால்மரமா? 

"பாடம் எப்படி இருந்திச்சு சார்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்பத் தெளிவு தம்பி. நீங்க வெரட்டிவிட்ட நசீரு ஹெட்மாஸ்டரக் கூட்டிட்டு வாரதுக்குள்ள சட்டுனு சொல்லிருங்க, அந்தக் குட்டி நம்பர முன்னால எழுதணுமா, பின்னால எழுதணுமா?"