வழுக்கியாற்றங்கரையில் ஒரு முழுச் சுற்று

நான் ஒரு பொடியனின் கலியாணத்தைக் குழப்பியவன். அவனைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெண் வீட்டார் பள்ளிக்கூட மாஸ்ரரான என்னிடம் விசாரிக்க வந்தபோது, "ம்ம்ம்..." என்று இழுத்துவிட்டு, "பொடியன் பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கலியாணம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லைக் கேட்பதில்லை, இழுவையைத்தான் கேட்பார்கள். அது தெரிந்துதான் இழுத்தேன்.

பொடியன், எங்கள் குறுகலான ஒழுங்கையின் தெருமுகப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகசபை அண்ணையின் மகன் ரமணன். அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயில் சபைத் தேர்தலில் தகப்பன் எனக்கு வாக்குப் போடவில்லை என்று கோபம். (போட்டவராம். எனக்கு விழுந்த இரண்டு வாக்கில் ஒன்று அவருடையது என்று பிறகுதான் அறிந்தேன். மற்றது நான் போட்டது.)

சில வருடம் கழித்து என் மகள் வாணிக்கு மானிப்பாயில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அவளுக்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தில்லைநாதன் ஒரு தை மாதக் காலையில் பஸ்ஸில் தனியாக வந்தார். வடை சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார். "அப்ப நான் மெல்ல வெளிக்கிடுறன், ஒழுங்கையையும் ஒருக்காப் பாத்துக்கொண்டு போறன்" என்றார். அயலட்டையில் விசாரிக்கத்தான் அந்தப் பேச்சு. ஒழுங்கையால் போனால் கனகசபை அண்ணை கதிரை போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என் இழுவைக்கு அவர் பதில் இழுவை இழுத்தால் வாணியின் கதி என்ன?

அந்த நேரம் பார்த்து மனைவி பெருமையாகச் சொன்னாள்: "இவர் ஒவ்வொரு நாளும் விடிய ஆத்தங்கரையாலை ஒரு சுத்து நடக்கிறவர்."

(சீனி வருத்தம் என்ற நீரிழிவு நோய்க்கு டொக்டர் எழுதிக் கொடுத்த நடை அது. நான் சந்திக் கடையில் இனிப்பு வாய்ப்பன் சாப்பிட்டுவிட்டு, வியர்வைக்காக முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவது அவளுக்குத் தெரியாது.)

"யாழ்ப்பாணத்திலை இருக்கிற ஒரே ஆறு. இப்ப தண்ணி கிடக்கோ?" என்றார் தில்லைநாதன்.

"வாங்கோ, காட்டுறன்" என்று பின்படலையைத் திறந்து அவரை இழுத்துக்கொண்டு போனேன். வழுக்கியாற்றில் மாரி கழிந்தும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கொக்குகள் நின்றன. றோட்டுப் பாலத்து மதவடிக்குப் போய் அவரை அப்படியே பஸ் ஏற்றிவிடுவதுதான் என் திட்டம். மனுசன் ஏறமாட்டேன் என்றார்.

"சுத்தெண்டால் முழுக்கச் சுத்தவேணும், மாஸ்ரர். நல்ல காத்து."

அதற்கப்பால் நான் வாழ்க்கையில் கால் வைத்ததில்லை. ஆனாலும் தினம் நடக்கிறவன் அல்லவா? வயல் வரம்பில் கையை வீசிக்கொண்டு முன்னால் போனேன். வரம்பு ஒரு வாய்க்காலில் முடிந்தது.

"இனி எங்காலை?"

"இதாலைதான்" என்று காய்ந்த நிலம் போலத் தெரிந்த இடத்தில் அடி வைத்தேன். முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. என்னைத் தூக்கக் கை தந்த தில்லைநாதனும் பட்டு வேட்டியோடு பக்கத்தில் சேற்றுக்குள் வந்து இருந்தார்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் வாறனீங்களோ?" என்று அமைதியாகக் கேட்டார்.

ஒருவரை ஒருவர் பிடித்து ஏறி, பனைகளுக்குள்ளால் புகுந்து, ஒரு வீட்டின் பின்பக்கக் கோடியில் வெளிப்பட்டோம். நாய் குரைத்தது. கிணற்றடியில் வாளியோடு நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். கனகசபை அண்ணை. முன்வாசலுக்குப் பயந்து ஓடியவன் வட்டம் போட்டு அவருடைய பின்வாசலுக்கே வந்துவிட்டேன்.

அவர் இரண்டு பேருக்கும் தண்ணீர் அள்ளி ஊற்றினார். தில்லைநாதன் காலைக் கழுவியபடியே வேலையைத் தொடங்கினார்.

"ஐயாவுக்கு இவையைக் கனகாலமாத் தெரியுமோ? இவரின்ரை மகளை எங்கடை மகனுக்குப் பேசியிருக்கு."

"ம்ம்ம்..." என்றார் கனகசபை அண்ணை. நான் இழுத்த அதே இழுவை. "தகப்பனைக் கேக்கிறியளோ, பிள்ளையைக் கேக்கிறியளோ?"

"பிள்ளையைத்தான்."

"பிள்ளை தங்கம். நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை என்ரை மனிசிக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்தது அவள்தான். தாயைப்போலை. உந்த மனிசனைப் பற்றி மட்டும் என்னைக் கேளாதேங்கோ. என்ரை மகன்ரை சம்பந்தத்தைக் குழப்பின ஆள்."

"அண்ணை, நான் ஒண்டும் சொல்லேல்லையே..."

"ஓம். ஒண்டும் சொல்லேல்லை. அதுதான்."

ஒழுங்கையால் ஈர வேட்டியோடு திரும்பும்போது தில்லைநாதன் சிரித்தார். "அவருக்கு உங்களைக் கண்ணிலை காட்டேலாது. அவரே பிள்ளையைத் தங்கம் எண்டுறார். இனி நான் ஆரிட்டை விசாரிக்கிறது?" வீட்டுப் படலையடியிலேயே நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரமே போய்க் கனகசபை அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்புக் கிடக்கட்டும். இனியாவது ஆரும் கேட்டால் வாய் திறந்து நாலு நல்லது சொல்லும்" என்றார்.

சொன்னேன். ரமணனை விசாரித்து அடுத்த ஆட்கள் வந்தபோது, "குடிக்கமாட்டான், சிகரட் தொடமாட்டான், பொய் சொல்லமாட்டான், ஆறு மணிக்குப் பிறகு வெளியிலை போகமாட்டான், ஒரு பொம்பிளையையும் நிமிந்து பாத்ததில்லை" என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். வந்த அம்மா முகம் இருண்டு கேட்டார்: "தம்பிக்கு ஏதும் வருத்தமோ?"

அந்தச் சம்பந்தமும் போனது.

அதற்குப் பிறகு வந்த சம்பந்தத்துக்கு விசாரிக்கிற நாளன்று, கனகசபை அண்ணை விடியவே எங்கள் வாசலில் நின்றார். "வாரும் மாஸ்ரர், ஆத்தங்கரையாலை ஒரு சுத்துப் போடுவம்." வந்தவர்கள் விசாரித்து முடித்துக் கார் ஏறும்வரைக்கும் என்னைச் சுற்ற வைத்தார். ரமணனின் கலியாணம் நல்லபடி நடந்தது. இன்று அவனுக்கு ஒரு பெண்பிள்ளை.

இப்போதெல்லாம் எங்கள் ஒழுங்கைக்குள் தெரியாத கார் ஒன்று தயங்கித் தயங்கி வந்தால், மனைவி என் செருப்பை எடுத்துப் பின்படலையடியில் வைத்துவிடுகிறாள். "அப்பா, உங்களுக்கு நடக்கிற நேரம்" என்று வாணி மானிப்பாயிலிருந்து போனில் சிரிக்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது கனகசபை அண்ணை தடியோடு தயாராக நிற்கிறார்.