ஒச்சாயி அட்டையேறிய படலம்

வாழ்க ஒச்சாயி! சோழவந்தானுக்கு மேற்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களில், முழங்கால் சேற்றில் குனிந்தபடி ஒரு தரம் வாய் திறந்தால் மூன்று வரப்புக்கு அப்பால் மேயும் எருமைகளையும் தலைநிமிர வைக்கும் பேரொலிப் பெண்ணாள்; பண்ணையாரின் கஞ்சத்தனத்தையும் கங்காணியின் தொப்பையையும் நாத்தனாரின் மூக்கையும் ஒரே மூச்சில் பாட்டாக்கி, கையிலிருக்கும் நாற்றுமுடி தீருமுன்னே அதற்கு ஈற்றடியும் கட்டி முடிக்கும் வித்தகி; ஏடறியாள், எழுத்தறியாள், எனினும் முப்பத்திரண்டு பாட்டுகளைப் பெற்ற தாய். அவள் வாழ்க! அத்தகையவளைக் 'குரலற்றவள்' என்று கண்டுபிடித்த மதுரை மாநகரப் பெருமக்களும், அவர்கள் இல்லாமல் இக்கதை இல்லையாதலால், உடன் வாழ்க!

அப்பெருமக்கள் முப்பத்தேழாம் வருஷத்துச் சித்திரையில் கூடிக் 'குரலற்ற கிராமியக் கலைஞர் கூட்டுறவு அபிவிருத்திச் சங்கம்' என்ற ஒன்றை நிறுவினார்கள். மேடையேற வழியில்லாத கலைஞர்களை மேடையேற்றுவதும், அச்சேறாத பாட்டுகளை அச்சேற்றுவதும் அதன் இரு பெரும் நோக்கங்கள். அங்கத்தினர் ஒன்பது பேர். கலைஞர் ஒருவரும் அதில் இல்லை. சேர விரும்புவோர் மனுவில் கையெழுத்திட வேண்டும், கைநாட்டு செல்லாது என்று மூன்றாம் விதி தெளிவாகக் கூறியதே காரணம். அவ்விதியை இயற்றியவர் தலைவர் ஹாலாஸ்யம். கோர்ட்டில் சிரஸ்தாராக முப்பது வருஷம் மனுக்களைத் திருப்பியனுப்பி ஓய்வுபெற்ற அச்சிங்கம், ஓய்வுக்குப் பின்னும் திருப்பியனுப்ப மனுக்கள் வேண்டியிருந்ததால் கலையைக் காக்க வந்தார்.

சங்கத்தின் காரியதரிசி சாம்பசிவம், ஹைஸ்கூலில் தமிழ் கற்பிக்கும் பண்டிதர். அவர் உண்மையிலேயே உழைத்தவர் என்பதை இக்கதை மறைக்காது. பதினோரு நாள் ரயிலேறிப் போய், வரப்பின்மேல் முக்காலி போட்டு, தலைக்குமேல் குடையும் மடியில் நோட்டுமாக வீற்றிருந்து, ஒச்சாயி நட்டுக்கொண்டே பாடப் பாட முப்பத்திரண்டு பாட்டுகளையும் எழுதிக்கொண்டார். கை ஓயும்போதெல்லாம் நிறுத்தச் சொல்வார். அவளும் மறுபடி முதலடியிலிருந்து பாடுவாள். ஒரு நாள் முக்காலியோடு சேற்றில் சரிந்த அவரைத் தூக்கி நிறுத்தியதும் அவளே.

இத்தனைக்கும் அவள் கேட்டது ஒன்றுதான். முந்தைய வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய நாளில், வைகை மணலில் ஒருவன் அவளுடைய கங்காணிப் பாட்டைத் துண்டுப் பிரசுரமாக விற்றுக்கொண்டிருந்தான். தானே கட்டியது என்று சொல்லிப் பாடியும் காட்டினான். அது என் பாட்டு என்று ஒச்சாயி கூட்டத்துக்குள் புகுந்து சொன்னாள். அவன் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, உன் பேர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னான். சனம் சிரித்தது. அவளோடு வந்த நடவுப் பெண்களில் இருவரும் சிரித்துவிட்டார்கள். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஆகவே சாம்பசிவம் நோட்டைத் திறந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எம் பேரு மேல அட்டையில வரணும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

வரும் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

இனிப் போர்க்களம் காண்போம். வடக்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மை மணமும் மண்ணெண்ணெய் மணமும் கலந்து வீசும் மங்கள விலாச அச்சுக்கூடம். ஐப்பசி மாதத்து ஒரு பிற்பகல். உள்ளே பாட்டுகள் அனைத்தும் அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்க, எஞ்சியது அட்டை ஒன்றே. உள்ளங்கையினும் சற்றே பெரிதான அந்த அட்டையைக் கைப்பற்றத் தலைவரும் காரியதரிசியும், வக்கீல் வீட்டு அம்மாளும் சங்கத்தின் உபதலைவியுமான அனந்தலக்ஷ்மியும் நேரில் எழுந்தருளியிருந்தார்கள். எழுத்துக் கோக்கும் மொக்கைச்சாமி, இருபத்திரண்டு வருஷம் ஈயத்தோடு வாழ்ந்ததால் மனிதர்களோடு அதிகம் பேசாதவர், அச்செழுத்துப் பெட்டியின்முன் காத்து நின்றார்.

முதற் போர் ஸ்ரீக்காக மூண்டது. அச்சுக்கூடத்தில் பெரிய எழுத்தில் ஸ்ரீ மூன்றே மூன்று. முதலாவதைச் சங்கத்தின் போஷகரான ஜமீன்தார், களத்துக்கு வராமலேயே வென்றார். காகிதம் அவர் கொடுத்தது. மீதமிருந்த இரண்டுக்கு மூவர் பொருதினர். மதங்கொண்ட மூன்று யானைகள் இரண்டு கரும்புக் கட்டுக்கு மோதுவதுபோல மோதினர். ஸ்ரீயில்லாமல் கோர்ட்டில் எந்தக் காகிதமும் தன் பெயரைத் தாங்கியதில்லை என்று ஹாலாஸ்யம் கர்ஜித்தார். ஸ்ரீயை எடுத்தால் தன் பெயருக்குமுன் வெறும் 'மதி' மட்டும் அநாதையாக நிற்கும் என்று அனந்தலக்ஷ்மி அம்பு தொடுத்தார். நிராயுதபாணியான சாம்பசிவம் பின்வாங்குவதுபோல் பின்வாங்கி, ஸ்ரீக்குப் பதிலாகத் தனக்குப் 'பண்டித வித்வான்' போடச் சொன்னார். அது ஸ்ரீயைவிட நீளமாக இருப்பதைக் கண்ட தலைவர் உள்ளம் கொதித்து, தம் பெயருக்குக் கீழே 'ரிடையர்டு கோர்ட்டு சிரஸ்தார்' என்று தனி வரி சேர்த்தார். உபதலைவி உடனே தம் கணவரின் பட்டங்களைச் சேர்த்தார். ஒன்றரை மணி நேரத்தில் அட்டை, முற்றுகையிடப்பட்ட கோட்டைபோல், எறும்பு நுழையவும் இடமின்றி நிறைந்தது. மொக்கைச்சாமி மை தடவி, ஒரு தாளை அழுத்தி எடுத்து, மாதிரியை மேஜைமேல் விரித்தார்.

அந்நேரத்தில் வாசலில் நிழலாடியது. அட்டை இன்று ஆகிறது என்று கேள்விப்பட்டு, ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தே சேர்ந்திருந்தாள் ஒச்சாயி. கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. உள்ளே வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளே வந்தாள்.

தன் பெயர் எங்கே என்று சாம்பசிவத்திடம் கேட்டாள். பண்டிதர் அட்டையின் அடிவாரத்தில், பொடி எழுத்தில் கிடந்த கடைசி வரியைச் சுட்டினார். 'கிராமிய ஸ்திரீகள் பாடக் கேட்டுத் தொகுத்தவை' என்றிருந்தது அது.

"இதுல எது எம் பேரு?"

"இந்த வரியில் நீயும் அடக்கம், ஒச்சாயி."

அப்போது உருவினாள் தன் வாளை. சேலைத் தலைப்பை ஒதுக்கி, இடது முன்கையை மேஜைமேல், அட்டையை ஒட்டி வைத்தாள். அதில் பச்சை குத்தியிருந்தது நாலெழுத்து: ஒச்சாயி. சிறுமியாக இருக்கையில், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனால் யாராவது படித்துவிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று அவள் தகப்பன் குத்திவைத்த நாலெழுத்து. அந்தக் கையை மெல்ல மெல்ல மேலிருந்து கீழே நகர்த்தினாள். ஜமீன்தாரைத் தாண்டினாள். சிரஸ்தாரைத் தாண்டினாள். வக்கீலின் பட்டங்களைத் தாண்டினாள். ஒவ்வொரு எழுத்தையும் கையிலிருந்த எழுத்தோடு பொருத்திப் பார்த்தாள். இரண்டு இடத்தில் 'யி' இருந்தது. அங்கே சற்று நின்றாள். பிறகு அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"இல்லையே சாமி," என்றாள்.

சாம்பசிவம் அச்சான தாள்களைப் புரட்டினார். முகவுரையில், நாலாம் பக்கத்தில், 'ஒச்சாயி முதலானோர்' என்று எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னார். மணலில் புத்தகம் பார்க்கிறவன் நாலாம் பக்கம் புரட்டுவானா என்று அவள் கேட்டாள். அட்டையில் இடமில்லை என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். இடமில்லாததை அவளும் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அப்ப எம் பாட்டை எல்லாம் எடுத்துருங்க சாமி. இம்புட்டுப் பேரு இருக்கீகள்ல, ஆளுக்கு எட்டுக் கட்டிப் போட்டுக்கங்க."

இடி விழுந்த பனைபோல் நின்றது சங்கம். ஆளுக்கு எட்டு! முப்பது வருஷத்தில் சம்மன் தவிர வேறொன்றும் இயற்றாத தலைவர் தம் எட்டை விரல்விட்டு எண்ணத் தொடங்கி முதல் விரலிலேயே நின்றார். ஜமீன்தார் கங்காணியைப் பழித்து எட்டுப் பாட்டு எழுதும் காட்சி உபதலைவியின் கண்முன் வந்து போயிற்று.

ஆகவே ஒரு வரியை எடுத்து ஒச்சாயிக்கு வழிவிடுவது என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். எந்த வரி என்பதில்தான் இரண்டாம் போர் மூண்டது. போஷகர் வரியைத் தொட்டால் காகிதம் போய்விடும். ஹாலாஸ்யம், இப்பிரச்சினையை ஆராய மூவர் கமிட்டி அமைத்து, அது தை மாதத்துக்குள் அறிக்கை தரும் என்று பிரகடனம் செய்தார். அனந்தலக்ஷ்மி எழுந்து நின்று, அட்டையில் இருக்கும் ஒரே பெண்ணின் பெயரை அகற்றுவது பெண்குலம் முழுவதற்கும் இழைக்கும் அநீதி என்று ஒச்சாயியின் முகத்துக்கு நேரே முழங்கினார். பதினோரு நாள் வெயிலைப் பற்றிச் சாம்பசிவம் உருக்கமாகப் பேசினார். குடையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நால்வகைச் சேனையும் ஓரடி பின்வாங்கவில்லை. ஒச்சாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஐந்து மணி வண்டி.

அப்போது, அன்று பிற்பகல் முழுதும் வாய் திறவாத மொக்கைச்சாமி ஒரு நூலை எடுத்து அட்டையை அளந்தார்.

"மேல சங்கத்துப் பேரு ரெண்டு வரி பிடிச்சிருக்கு. அத எடுத்தா யாரு பேரும் போகாது."

காரிருள் கிழிந்து கதிரவன் எழுந்தாற்போல முகங்கள் மலர்ந்தன. சங்கம் தோன்றிய நாள்முதல் திருத்தமின்றி, எதிர்ப்பின்றி, ஒரே நிமிஷத்தில் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். சங்கம் நம் நெஞ்சில் இருக்கிறது, அட்டையில் எதற்கு என்று தலைவர் கண்ணீர் மல்கக் கூறினார். உபதலைவி ஆமோதித்தார். குரலற்ற கிராமியக் கலைஞர் கூட்டுறவு அபிவிருத்தி முழுவதும், இருபத்தைந்து எழுத்துக்கு மேற்பட்ட அத்தனை ஈயமும், மொக்கைச்சாமியின் விரல்களில் கலைந்து பெட்டியறைகளுக்குள் சலசலவென்று திரும்பிச் சென்றது.

சாம்பசிவம் ஒரு துண்டுக் காகிதத்தில் 'பாடியவர்: ஒச்சாயி' என்று எழுதிக் கொடுத்தார். மொக்கைச்சாமி அதை உரக்கப் படித்தார், அவளுக்குக் கேட்கட்டும் என்று.

"பாடுறது எங்க ஊர்ல நண்டு சிண்டெல்லாம் பாடும்," என்றாள் ஒச்சாயி. "கட்டுனது நானு."

'கட்டியவர்' என்று போட்டால் சுவர் கட்டியவர் என்று படிப்பவர்கள் மயங்குவார்கள் என்றார் பண்டிதர். 'இயற்றியவர்' என்பதோ புலவர்களுக்கே உரிய சொல் என்றும், அதை இவளுக்குக் கொடுக்க இலக்கணம் இடந்தருமா என்று யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் மொக்கைச்சாமியின் கை பெட்டிக்கும் கோப்புச் சட்டத்துக்குமாகப் பறந்தது. 'பாட்டுக் கட்டியவர்: ஒச்சாயி' என்று கோத்து முடித்துவிட்டார்.

அடுத்த மாதிரி விழுந்தது. மறுபடி மேஜைமேல் கையை வைத்தாள். ஒ பொருந்தியது. ச் பொருந்தியது. மூன்றாம் எழுத்தில் நின்று குனிந்து பார்த்தாள்.

"சாவுக்குக் கால் கொஞ்சம் வளைஞ்சிருக்கே அண்ணே."

"அச்சு பழசு தாயி. எழுத்து சரிதான்."

அவள் தலையாட்டினாள். நான்காவதும் பொருந்தியது. ஒரு விரலால் அந்த நாலெழுத்தையும் தடவினாள். ஈர மை விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை. மணலில் சிரித்தவர்களை நினைத்தாளோ, நடவுப் பெண்களுக்கு எப்படிக் காட்டுவது என்று நினைத்தாளோ, எல்லாம் அறிந்த இக்கதைக்கும் அது பிடிபடவில்லை. அவள் உதடு மட்டும் ஏதோ ஒரு முதலடியைத் தேடி அசைந்தது.

பெருமக்கள் அதைக் காணவில்லை. நீக்கியது இரண்டு வரி, நிரப்பியது ஒரு வரி. மீதம் ஒரு வரி வெற்றிடமாகக் கிடந்ததை ஹாலாஸ்யம் கண்டுவிட்டார். மூன்றாம் போர் மூண்டது. தம் தகப்பனார் பெயர் விடுபட்டிருப்பதாக அவர் சங்கநாதம் எழுப்ப, மகளிர் சங்கத்தில் தாம் வகிக்கும் பதவி விடுபட்டிருப்பதாக அனந்தலக்ஷ்மி எதிர்முழக்கம் செய்ய, தாம் வாங்கிய தங்கமெடலைச் சாம்பசிவம் களத்தில் இறக்க, தூசியெழ, மேஜை அதிர, மைப்புட்டி சாய, அச்சமர் தொடர்ந்துகொண்டிருந்த வேளையில் மொக்கைச்சாமி அந்த வரியில் ஒரு பூக்கட்டையை வைத்து, சட்டத்தை இறுக்கி, இயந்திரத்தில் பூட்டி மிதித்தார். ஐந்நூறு அட்டைக்கும் அந்தப் பூவே விழுந்தது. விழுந்த முதல் அட்டையை மை உலர ஊதி ஒச்சாயியிடம் கொடுத்தார்.

இங்ஙனம், வேலின்றி, வில்லின்றி, சேனையின்றி, அறிந்த எழுத்து நாலேயாக, ஜமீனையும் கோர்ட்டையும் இலக்கணத்தையும் ஒரே பிற்பகலில் புறங்கண்டு, தன்னைக் காக்க வந்த சங்கத்தின் பிடியிலிருந்து தன் பெயரைத் தானே மீட்ட பெருவாகையாள், வெற்றிச் சின்னத்தை இடுப்பில் செருகி, ஆவணி மூல வீதி கடந்து, மேற்கு நோக்கிச் சாயும் செங்கதிர் முகத்தில் அறைய, மேலமாசி வீதி வழியே வீரநடை போட்டாள்.

பசித்ததால், ஸ்டேஷன் வாசலில் ரெண்டு இட்லி வாங்கித் தின்றாள்.