இன்னும் கொஞ்சம் துல்லியமாக

டிவியில் படம் பார்ப்பவர்கள் ஒரு ரகம். படம் ஓட, அதன் எதிரே தூங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. இவர்கள் டிவியை மட்டுமே பார்ப்பார்கள். அதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

இந்த ரகத்து ஆளுக்குத் துல்லியர் என்று பெயர் வைப்போம். துல்லியர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவதற்குள் ரிமோட் அவர் கைக்குப் போயிருக்கும். "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கில்ல?" என்பார். இரண்டு வருடமாக எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த டிவி, அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கண்ணுக்கும் தூக்கலாகத் தெரியத் தொடங்கும். அவர் போய்விடுவார். தூக்கல் போகாது.

எனக்கு இந்த ரகத்தில் நெருங்கிய உறவே இருக்கிறது. என் மனைவியின் அண்ணன். நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுகிற உத்தியோகம். சொந்தத்தில் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். கணக்கு டீச்சரான அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் "சர்வேயர் சார்" என்றுதான் கூப்பிடுவார். அடிக்கடி கூப்பிடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் இடம் கிடைத்து, திங்கட்கிழமை காலையில் விடுதிக்குப் போகவேண்டும். "போறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஒரு படம், அப்பாவோட ஒரே ஒரு கார் ரேஸ். அது போதும் எனக்கு" என்று அவள் சொல்ல, மனிதர் உருகிப்போய்ப் பெரிய எச்.டி. டிவி, படம் ஓட்ட ஒரு டிஸ்க் பிளேயர், விளையாட ஒரு கேம் பெட்டி என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்களையும் வரச்சொன்னார். படம் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். டார்ச் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்.

முதலில் டிவியைச் சுவரில் மாட்டும் வேலை. ஆபீசிலிருந்து ரசமட்டம் வந்திருந்தது.

"குமிழி நடுவுல நிக்குதா மாப்ளே?"

"நிக்குது மச்சான்."

"நிக்கல. மயிரிழை இடது பக்கம் போகுது."

பதினொன்றே கால் மணிக்கு ஓர் உண்மை வெளியானது. டிவி நேராகத்தான் இருந்தது, சுவர்தான் சாய்ந்திருந்தது. அவரே பக்கத்தில் நின்று கட்டிய வீடு. பத்து நிமிடம் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது சோபா. திரையின் குறுக்களவை ஒன்றரையால் பெருக்கினால் எத்தனை அடியோ அத்தனை அடி தள்ளித்தான் உட்கார வேண்டுமாம். டேப்பை இழுத்தார், சோபாவை நகர்த்தினார், மறுபடி இழுத்தார், மறுபடி நகர்த்தினார். கடைசியில் சோபா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காபித் தட்டோடு உள்ளே மாட்டிக்கொண்ட டீச்சர் கேட்டார்:

"கணக்கெல்லாம் சரிதாங்க. நான் எப்படி வெளிய வர்றது?"

"பக்கவாட்டுல வாயேன்."

அன்று முழுக்க அந்த வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரிதான் நடந்தோம்.

பிறகு வயர். டிவியின் முதுகுப்பக்கம் மூன்று துளைகள். வந்த பெட்டிகளோ இரண்டு. எந்தப் பெட்டியை எந்தத் துளையில் செருகலாம் என்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் செய்து பார்த்தார். 'சிக்னல் இல்லை' என்ற வாசகம், வாடகைக்கு வீடு தேடுகிறவனைப் போலத் திரையின் மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருந்தது.

"அப்பா, ரிமோட்ல இன்புட் மாத்தணும்" என்றாள் மகள்.

"தெரியும்மா. முதல்ல வயரை உறுதி பண்ணிக்கணும்."

அரைமணி நேரம் உறுதி பண்ணிவிட்டு ரிமோட்டை அமுக்கினார். படம் வந்தது. கைதட்டினோம். டார்ச் பிடித்துப் பிடித்து என் கழுத்து மட்டும் டிவியின் முதுகுப்பக்கமே திரும்பியிருந்தது.

படத்தில் நல்ல மழை. ரயில் நிலையத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். உறையைக் கிழிக்கிறாள். நாங்கள் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டோம்.

நிறுத்தினார் சர்வேயர்.

"மழைத்துளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது பாருங்க. ஷார்ப்னஸ் பத்தல."

ஷார்ப்னஸை ஏற்றினார். ஏற்றியது சரியா என்று பார்க்க மழையின் தொடக்கத்துக்கே போனார். பிறகு வெளிச்சத்தைக் குறைத்தார், மறுபடி மழை. பிறகு பச்சையைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினார், மறுபடி மழை. அந்தப் பெண் பத்தொன்பது முறை உறையைக் கிழித்தாள் என்று என் மனைவி எண்ணிச் சொன்னாள்.

"அண்ணே, அந்த லெட்டர்ல என்னதான் எழுதியிருக்கு?"

"லெட்டர் கெடக்குதும்மா. காகிதம் நார் நாராத் தெரியுதா பாரு!"

சாப்பாடு முடிந்தது. கேம் பெட்டியைத் திறந்தால் அது ஏதோ அப்டேட் வேண்டும் என்று அடம்பிடித்து, ஒரு மணி நேரம் கழித்து வழிக்கு வந்தது. அதற்குள் இவர் ஹாலின் நான்கு மூலைகளிலும் நின்று கைதட்டி எதிரொலி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவே நல்லாத்தான் இருக்குப்பா. வாங்க, ஒரு ரேஸ்" என்றாள் மகள்.

"அஞ்சே நிமிஷம்."

"நாளைக்கு நான் போயிடுவேன்ப்பா."

"தெரியும்மா. உனக்காகத்தானே இந்தப் பாடு!"

உண்மைதான். அதில்தான் கஷ்டமே. துல்லியர் தனக்கென்று எதையும் செய்வதில்லை. எல்லாம் நமக்காகத்தான். நாம் வாய் திறக்க முடியுமா?

மூன்று மணிக்கு, வயர்தான் சரியில்லை என்று தீர்ப்பு வந்தது. இருந்த இரண்டு வயர்களையும் மாதிரிக்கு உருவிக்கொண்டு, "யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மகள் எழுந்து, காலையில் அவர் "பழைய டிவிக்குக் குடுத்தது, தூக்கிப் போடு" என்று எறிந்திருந்த மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்தாள்.

"இங்க வேண்டாம்" என்றார் டீச்சர். "இந்த டிவியைத் தொட்டோம்னா, வந்து சுவத்துலேர்ந்து ஆரம்பிப்பார். எதிர்வீட்டுக்குப் போலாம் வாங்க."

பிளேயரையும் கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினோம். எதிர்வீட்டில் ஒரு தையற்காரம்மா. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய பெட்டி டிவி. வலது மூலை பச்சையடித்திருக்கும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் பேசும். அதில் எல்லோரும் ஒட்டடைக்கம்பு மாதிரி நெடுநெடுவென்று தெரிந்தார்கள். துணி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். மழை பெய்தது, பெண் உறையைக் கிழித்தாள், கடிதத்தைப் படித்தாள். நாங்களும் படித்தோம். தையற்காரம்மா யாருடைய ரவிக்கைத் துணியிலோ மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு, நான்கு புது வயர்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சர்வேயர் வந்தார். காலி வீட்டைப் பார்த்தார். எங்கள் சத்தம் கேட்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். திரையைப் பார்த்ததும், சோற்றில் கல்லைக் கடித்தவர் போல முகம் கோணியது. "அந்த மூலையில பச்சை…" என்று தொடங்கினார்.

மகள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அவர் வார்த்தையை விழுங்கிவிட்டார்.

"ஏம்மா அழற?"

"அந்த லெட்டர்ப்பா."

"என்ன எழுதியிருந்துச்சு?"

பதினான்கு வருடப் பழக்கத்தில் அவர் ஒரு கதையைப் பற்றிக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"உக்காருங்க. மறுபடி போடறேன்."

துணி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தார். மழையைக் குறை சொல்லவில்லை. சண்டை போட்டுப் பிரிந்த அப்பா மகளுக்கு எழுதிய கடிதம் அது. 'நான் சொன்னது தப்பு. வந்துடும்மா.' அவ்வளவுதான்.

"சுருக்கமா எழுதியிருக்கார்" என்றார் சர்வேயர். மூக்குக்கண்ணாடியில் தூசி என்று வெகுநேரம் துடைத்தார்.

அப்புறம் ரேஸ். திரையின் ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் ரோடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. "அப்பா, ரோடு அந்தப் பக்கம்!" என்று மகள் கத்தக் கத்த, ஊரான் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டுகிற மனிதர் ஏழு முறை பள்ளத்தில் விழுந்தார். ஏழு முறையும் அவள் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப்பார்த்தது.

திங்கட்கிழமை அவள் போனாள். சர்வேயர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். மறுவாரம் ஸ்க்ரூடிரைவரோடு அந்தப் பச்சை மூலையைச் சரிசெய்யப் போயிருக்கிறார். தையற்காரம்மா கத்தரிக்கோலோடு வாசலிலேயே நின்றுகொண்டாராம்.

நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். குழந்தை சிரித்தபோது எடுத்த போட்டோ போதாதென்று, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அது அழும்வரை எடுத்தது வேறு யாரோதான். ஆனாலும் இதைப் படிக்கையில், நான்காவது பத்தியில் ஒரு கமா இடம் தவறி விழுந்திருப்பதாக மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறதென்றால், ஒன்று செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் முகத்தைக் கண்ணாடியில் ஒரு முறை பாருங்கள்.

கண்ணாடி நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல்.