கடற்பறவை துப்பிய கம்பளிச் சட்டை

அடே, யாரென்று தெரியாத புண்ணியவானே! உனக்கு வாய் சும்மா இருக்காதா? பாறையோரம் நெருங்குகிறவன் மேல் ஃபுல்மார் பறவை நாறிய எண்ணெயைத் துப்பும், அந்த நாற்றம் கம்பளியை விட்டுப் போகாது என்று சுன்வாவிடம் ஓதியது நீதானே?

பாவம் அவள் புருஷன் ஹானுஸ். கூலிக்கு மீன் அறுத்து, உதைபட்டு ஆட்டு வியாபாரியானவன். ஃபாரோ தீவுகளில் அவனைப் பேரத்தில் ஜெயித்தவன் கிடையாது. வீட்டில் மட்டும் வேறு கதை.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் பெண்கள் சுன்வா வீட்டில் கூடிக் கம்பளி பின்னுவார்கள். அந்த வீட்டு ஆம்பிளை வெளியே போய்விட வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

"சனிக்கிழமை வீடு உனக்கு. மத்த நாள் அடுப்போர நாற்காலி எனக்கு. சரியா?" என்று பேரம் முடித்தான் ஹானுஸ்.

"சரிங்க. இந்தப் பனிக்காத்துல எங்க போவீங்க?"

"பாறை உச்சிக்கு. பறவை பார்க்க!"

போனது நண்பன் தோர்ஃபினின் படகுக் கொட்டகைக்கு. அங்கே கணப்பு, காபி, குறட்டை.

ஒருநாள் சுன்வா அவன் சட்டையை மோந்தாள்.

"என்னங்க, நாத்தமே இல்லையே?"

"என்கிட்ட பறவைக்கு மரியாதைடி!"

"அப்ப மாசக்கணக்கா பறவை பார்க்கலன்னு அர்த்தம்."

மூக்கு சிவந்துவிட்டது ஹானுஸுக்கு. அடுத்த சனிக்கிழமை நிஜமாகவே ஏறினான்.

மேலே வானமும் இல்லை, கடலும் இல்லை. வெள்ளையாக ஒரு மூச்சுதான் இருந்தது. அந்தப் புயலில் ஃபுல்மார்கள் சிறகசைக்காமல் தொங்கின, யாரோ நினைத்துவிட்டு மறந்துபோன நினைவுகள் மாதிரி. காற்று அடிக்க அடிக்க அவற்றுக்குத் தூக்கம் வருவதுபோல இருந்தது. ஹானுஸ் கோபத்தை மறந்தான். வந்த காரியத்தையும் மறந்தான். விளிம்பில் ஒன்று உட்கார்ந்து கறுத்த கண்ணால் அவனையே பார்த்தது. "என்ன கண்ணு?" என்று குனிந்தான்.

துப்பியது. நெஞ்சு நிறைய.

வெற்றிவீரனாக வீட்டுக்குள் நுழைந்தான். "மோந்து பாருடி!"

ஊசிகள் எல்லாம் கீழே விழுந்தன. பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள்.

சுன்வா மட்டும் சிரித்தாள். "தோர்ஃபின் பொண்டாட்டி இதோ, என் பக்கத்துல உக்காந்து காலுறை பின்றா. உங்க குறட்டை அவ சமையலறை வரைக்கும் கேக்குமாம்."

"தெரிஞ்சுமா என்னைப் பாறைக்கு ஏத்தினே?"

"பேரத்துல நீங்க நாற்காலிய விடமாட்டீங்க. இந்த நாத்தத்தோட அதுல உக்கார முடியுமா? கறி காயப்போடுற கொட்டகையில படுத்துக்கங்க. கறி ஒண்ணும் சொல்லாது."

"குளிச்சுட்டு வரேன்டி!"

"குளிங்க. ஆனா அது தோலுக்குள்ளயே போயிடும்னு பேசிக்கிறாங்க."

இப்போது ஹானுஸ் தொங்கும் ஆட்டுத்தொடைகளுக்கு நடுவே, பலகை இடுக்கு வழியாகப் பறவை பார்க்கிறான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு ஜன்னலுக்குள், அடுப்போர நாற்காலியில் சுன்வா கால் நீட்டி உட்கார்ந்திருப்பதும் அதே இடுக்கில் தெரிகிறது.

அடே புண்ணியவானே, மூட்டியது நீ! வந்து, அந்த நாற்காலியையாவது கொட்டகைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போ!